பண்படுத்தலும் காத்தலும்: கிறித்தவச் சபைகளின் சூழலியல் மொழி, ஐதராபாத்தை முன்வைத்து

கிறித்தவச் சபைகள் சுற்றுச்சூழற் சிக்கலில் எவ்வாறு ஈடுபடலாம் என்னும் வினாவைப் பொதுவாக இறையியலாரும் சமூகப் பணியாளருமே எழுப்புகின்றனர். விடைகளும் அவர்தம் துறைகளிலிருந்தே வருகின்றன. ஆனால் ஒரு சபை எதையேனும் செய்வதற்கு முன் அதைத் தன் மொழியில் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். அங்ஙனம் கேட்கப்படும் மொழி தமிழில் மிகப் பெரும்பாலும் மொழிபெயர்ப்பு மொழியாகும். விவிலியம் எபிரேயத்திலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் வந்தது. சூழற்கல்விக்கான கையேடுகளும் வழிபாட்டு முறைமைகளும் ஆங்கிலத்திலிருந்து வருகின்றன. இவ்விரு மொழிபெயர்ப்புகளும் ஒரே மேடையில் சந்திக்கும்போது என்ன நேர்கிறது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஐதராபாத், செகந்திராபாத் இரட்டை நகரங்களின் தமிழ்ச் சபைகள் இவ்வாய்விற்குப் பொருத்தமான களம். 1806இல் செகந்திராபாத் படைமுகாம் உருவான பின் சென்னைப் படையணிகளோடும் அவற்றைச் சார்ந்த பணியாளரோடும் வந்து தங்கிய தமிழர் பலர். அவர்தம் வழித்தோன்றல்கள் தமிழில் வழிபட்டுத் தெலுங்கில் அன்றாட வாழ்வு நடத்துபவர்கள். ஒரே வேதப்பகுதியை இரு திராவிட மொழிகளில் கேட்கும் வாய்ப்பு அவர்களுக்கு இயல்பாகவே வாய்த்துள்ளது. அவ்வாய்ப்பு இதுவரை பயன்கொள்ளப்படவில்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் குறை.

சூழற்சிக்கலுக்கும் கிறித்தவத்திற்கும் உள்ள தொடர்பு பற்றிய இக்கால விவாதம் 1967இல் லின் ஒயிட் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவதாகக் கூறுவது மரபு. இயற்கையின்மீது மனிதனுக்கு வரம்பற்ற அதிகாரம் அளிக்கப்பட்டது என்னும் மேலைக் கிறித்தவக் கொள்கையே சிக்கலின் வேர்களுள் ஒன்று என்பது அவர் வாதம். அவ்வாதம் ஆதியாகமம் முதல் அதிகாரம் 28ஆம் வசனத்தின்மீது பெரும்பாரத்தை ஏற்றுகிறது. மறுப்புரைத்தவர்கள் இரண்டாம் அதிகாரம் 15ஆம் வசனத்தைச் சான்று காட்டினர். இன்று எந்தத் திருச்சபையின் சூழலியல் அறிக்கையை எடுத்தாலும் இவ்விரு வசனங்களின் இழுபறியைக் காணலாம். போப்பாண்டவர் பிரான்சிசு 2015இல் வெளியிட்ட சுற்றுமடலின் 67ஆம் பத்தியும் இதே இழுபறியையே தீர்க்க முயல்கிறது. தமிழ்ச் சபையிலும் இவ்வசனங்களே எடுத்துரைக்கப்படுகின்றன. ஆயினும் தமிழ்ச் சபை கேட்பது லின் ஒயிட் படித்த இலத்தீன் வினைகளையோ ஆங்கில வினைகளையோ அன்று. அது கேட்பது 'கீழ்ப்படுத்தி', 'ஆண்டுகொள்ளுங்கள்' என்னும் சொற்களை. விவாதத்தை இறக்குமதி செய்தவர்கள் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை.

1:28இல் எபிரேய மூலம் இரு வினைகளைக் கையாள்கிறது. நிலத்தைச் செயப்படுபொருளாகக் கொள்வது 'காபஷ்'. உயிர்களைச் செயப்படுபொருளாகக் கொள்வது 'ராதாஹ்'. 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் (பவர் தலைமையில் உருவானது, சீர்திருத்தச் சபைகளில் இன்றும் வழங்குவது) முதல் வினையைக் 'கீழ்ப்படுத்து' என்றும் இரண்டாவதை 'ஆண்டுகொள்' என்றும் பெயர்த்தது. 'கீழ்ப்படுத்து' என்பதன் இணைவினை 'கீழ்ப்படி'. பின்னது தமிழ்க் கிறித்தவ வழக்கின் மிக அடிப்படையான ஒழுக்கச் சொற்களுள் ஒன்று. பிள்ளைகள் பெற்றோருக்கும் விசுவாசிகள் கடவுளுக்கும் செய்ய வேண்டியதைக் குறிப்பது. எனவே 'கீழ்ப்படுத்து' என்று கேட்கும் செவி, நிலம் என்பது இன்னும் கீழ்ப்படியாத ஒன்று எனப் பொருள்கொள்ள இடமுண்டு. தெலுங்கு வேதாகமம் இதே இடத்தில் 'லோபரச்சுகொனுடி' என்கிறது. 'லோ' என்பது தமிழின் 'உள்' என்பதற்கு நேரானது. 'படு' என்பதன் பிறவினை 'பரச்சு'. ஆகவே தெலுங்குச் சொல்லின் அமைப்பை உறுப்புக்கு உறுப்பு தமிழாக்கினால் 'உட்படுத்து' என்றே கிடைக்கும். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் இவ்விடத்தில் 'கீழ்ப்படுத்து' என்பதைக் கைவிட்டு 'உட்படுத்து' என்பதையே மேற்கொண்டிருப்பது நோக்கத்தக்கது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்துத் தமிழ் சென்றடைந்த இடத்தில் தெலுங்கு முன்னரே நின்றுகொண்டிருந்தது.

துணைவினையின் பங்கு இதனினும் நுட்பமானது. 'கொள்' என்னும் துணைவினை செயலின் பயன் செய்வோனையே சேர்வதைக் குறிப்பது என்பதை இலக்கணிகள் அறிவர். தமிழ்த் துணைவினைகளைப் பற்றி இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட ஆங்கில நூலும் இதனை விரித்துரைக்கிறது. எபிரேய மூலத்தில் 'கொள்' என்பதற்கு நேரான உறுப்பு எதுவும் இல்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் அதனை ஆளும் வினையோடு சேர்த்து 'ஆண்டுகொள்ளுங்கள்' என்றனர். தெலுங்கு மொழிபெயர்ப்பாளர் ஆளும் வினையைத் துணைவினையின்றி 'ஏலுடி' என விட்டு, நிலத்தை உட்படுத்தும் வினையோடு 'கொனு' என்பதைச் சேர்த்தனர். அதாவது தமிழ் கேட்போனுக்கு உயிர்கள்மீதான ஆட்சி தன்னலம் சார்ந்ததாகிறது; தெலுங்கு கேட்போனுக்கு நிலத்தின்மீதான உரிமை தன்னலம் சார்ந்ததாகிறது. மொழிபெயர்ப்பாளர் இதனைக் கருதிச் செய்தனர் எனல் பொருந்தாது. 'கொள்' என்பது அக்கால உரைநடையில் ஓசை நிரப்பும் உறுப்பாகவும் வந்தது. எனினும் இரு வசனங்களுக்கு முன்னர், 26ஆம் வசனத்தில், இதே வினை 'ஆளக்கடவர்கள்' எனக் கடப்பாட்டுப் பொருள் தரும் 'கடவர்' ஈற்றோடு வருகிறது. ஒரே ஆட்சி ஒருகால் கடமையாகவும் ஒருகால் தன் பயனாகவும் தமிழில் தோற்றம் தருகிறது. சூழலியல் மேடைகளில் 28ஆம் வசனமே திரும்பத் திரும்ப எடுக்கப்படுவதால் 'கடவர்' மறக்கப்பட்டுக் 'கொள்' நிலைத்துவிட்டது. ஆட்சிக்கு வரம்பு விவிலியத்திலேயே உண்டு என்பதைக் காட்ட லேவியராகமம் 25:43 போதும். அங்கு அதே 'ராதாஹ்' 'கொடூரமாய்' என்னும் அடையோடு சேர்த்து விலக்கப்படுகிறது. அடை தேவைப்பட்டது என்பதே வினை தன்னளவில் கொடுமையைக் குறிப்பதன்று என்பதற்குச் சான்றாகும்.

இனி 2:15. இங்கு எபிரேய வினைகள் 'ஆபத்', 'ஷாமர்' என்பன. சூழலியல் இறையியலார் பலரும் 'ஆபத்' என்பதற்குப் 'பணிசெய்' என்னும் பொருள் உண்டு எனக் காட்டி, மனிதன் தோட்டத்திற்குத் தொண்டன் என்று முடிக்கின்றனர். இவ்வாதம் தமிழ் மேடைகளிலும் வந்துவிட்டது. கேட்க இனிமையாக இருப்பதால் விரும்பவும் படுகிறது. ஆனால் 1961இல் ஜேம்ஸ் பார் விவிலியச் சொற்பொருளியல் பற்றிய தம் நூலில் கண்டித்த குறை இதுவே. ஒரு சொல்லின் வேர்ப்பொருளையும் அதன் எல்லாச் சூழற்பொருள்களையும் ஓரிடத்தில் கொட்டிப் பொருள்காண்பது மொழியியலுக்கு ஒவ்வாது. நிலத்தைச் செயப்படுபொருளாகக் கொள்ளும் இடங்களில் 'ஆபத்' உழவையே குறிக்கிறது. இங்ஙனம் கூறுவதால் சூழலியல் வாதம் வலுவிழப்பதில்லை. உழவனுக்கு நிலத்தைக் கெடுத்துவிட்டு வாழ வழியில்லை. தொண்டன் என்னும் உருவகத்தைக் காட்டிலும் உழவன் என்னும் நேர்ப்பொருள் உறுதியானது. மேற்கூறிய 'கீழ்', 'உள்' ஒப்பீட்டிற்கும் பாரின் எச்சரிக்கை பொருந்தும் என்று ஒருவர் கூறலாம். 'லோபரச்சு' என்பது வழக்கில் அடக்குதலையே குறிக்கிறது என்பது உண்மையே. ஆனால் அவ்வொப்பீடு தெளிவாகப் புலப்படும் சொல்லுறுப்புகளையும் இன்று வழங்கும் இணைவினையையும் சார்ந்தது. மறைந்துபோன வேரைச் சார்ந்ததன்று.

'ஆபத்' என்பதற்குத் தமிழ் ஐக்கியத் திருப்புதல் ஒரே சொல்லைக் கையாளவில்லை. ஆதாமைப் பற்றிய இடங்களில் (2:5, 2:15, 3:23) 'பண்படுத்து' என்றும் காயீனைப் பற்றிய இடங்களில் (4:2, 4:12) 'பயிரிடு' என்றும் வருகிறது. தெலுங்கு வேதாகமம் ஐந்து இடங்களிலும் 'சேத்யபரச்சு' என ஒரே சொல்லை ஆள்கிறது. சொல்லொருமையை விரும்புவோர் தெலுங்கைப் பாராட்டுவர். தமிழின் பிளவு பிழை என்றே முதலில் தோன்றும். ஆயினும் அதில் ஒரு பயன் உண்டு. 'பயிரிடு' விளைச்சலை நோக்குகிறது. 'பண்படுத்து' நிலத்தை நோக்குகிறது. விளைவித்தாலும் விளைவிக்காவிட்டாலும் நிலம் பண்படலாம். 'பண்பாடு' என்னும் சொல்லோடு அதற்குள்ள உறவு தமிழ் கேட்போனுக்கு விளக்கமின்றியே விளங்கும். இத்தகைய சொல் கையில் இருக்க, 'படைப்புப் பராமரிப்பு' என்னும் ஆங்கிலத் தழுவலைச் சபைகள் ஏன் நாடவேண்டும் என்பது வியப்புக்குரியது. 'பராமரிப்பு' சபை வழக்கில் கடவுளின் செயலைக் குறிப்பது. தெருவழக்கில் சாலை, மின்தூக்கி ஆகியவற்றின் பழுதுபார்ப்பைக் குறிப்பது. இரண்டிற்கும் நடுவே மனிதன் நிலத்திற்குச் செய்யவேண்டிய பணி நழுவிவிடுகிறது.

'ஷாமர்' என்பதற்கு இரு மொழிகளும் ஒத்த வழியில் செல்கின்றன. தமிழில் 'கா', தெலுங்கில் 'காச்சு'. 2:15இல் தோட்டத்தைக் காக்கும் மனிதன். 3:24இல் தோட்டத்து வழியைக் காவல் செய்யும் கேருபீன்கள். 4:9இல் தம்பிக்குக் காவலாளியாக இருக்க மறுக்கும் காயீன். எபிரேயத்தில் மூன்று இடங்களையும் இணைப்பது ஒரே வினை. தமிழில் 'காக்க', 'காவல்', 'காவலாளி' என அத்தொடர்ச்சி அப்படியே நிலைபெறுகிறது. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பலவற்றில் வெவ்வேறு சொற்கள் இடம்பெறுவதால் இத்தொடர்ச்சி சிதைவதுண்டு. ஆங்கிலக் குறிப்பேட்டைத் தமிழாக்கிப் போதிப்பவர் இதனைக் காண்பதற்கில்லை. நிலத்தைக் காத்தலும் உடன்பிறந்தானைக் காத்தலும் ஒரே காவல் என்பதை இவ்வினையே சபைக்குச் சொல்லிவிடும்.

ஐதராபாத்தில் இக்காவலுக்கு உறுதியான பொருள் உண்டு. 1908 செப்டம்பரில் மூசி பெருக்கெடுத்துப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. விசுவேசுவரையாவின் ஆலோசனையை ஒட்டி மூசியில் 1920இல் உசுமான் சாகரும் அதன் கிளையாகிய ஈசியில் 1927இல் இமாயத் சாகரும் எழுந்தன. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டப்பட்டவை குடிநீரும் தந்தன. அவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள், 84 ஊர்களில், பெருங்கட்டடங்களையும் மாசு தரும் தொழிற்சாலைகளையும் தடுத்த அரசாணை 111 1996இல் பிறந்தது. 2022இல் பிறந்த மற்றோர் ஆணை அக்கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. இடையில் 2020 அக்டோபர் வெள்ளம் நகரின் தாழ்ந்த பகுதிகளை மூழ்கடித்தது. 'காத்தல்' எனில் ஏரிக்கு மேலே உள்ள நிலத்தைக் காத்தலும் ஏரிக்குக் கீழே வாழும் மனிதரைக் காத்தலும் ஆகும். சுற்றுச்சூழல் ஞாயிறன்று மரக்கன்று நடும் சபை இவ்வாணைகளின் பெயரையேனும் அறிந்திருப்பது 2:15இன் பொருள்கோளுக்கு உட்பட்டதே.

அடுத்து ஆராயத்தக்கது 'உக்கிராணத்துவம்'. ஆங்கிலச் சூழலியல் இறையியலின் மையச்சொல் ஒன்றிற்குத் தமிழ்ச் சீர்திருத்தச் சபைகள் வழங்கும் நேர்ச்சொல் இது. கிரேக்க 'ஓய்க்கொனொமொஸ்' என்பதை ஐக்கியத் திருப்புதல் லூக்கா 16இலும் 1 கொரிந்தியர் 4இலும் 1 பேதுரு 4இலும் 'உக்கிராணக்காரன்' என்கிறது. உக்கிராணம் என்பது பொருள்களைச் சேமித்து அளந்து வழங்கும் அறை. திருமண வீடுகளிலும் கோவில்களிலும் இச்சொல் இன்னும் உயிரோடுள்ளது. தெலுங்கு, கன்னடங்களில் வழங்கும் 'உக்ராண' வடிவங்களோடு உறவுடைய தக்காணத்துச் சொல் இது. முரண் யாதெனில், தெலுங்கு வேதாகமம் தன் நிலத்துச் சொல்லை விட்டு 'க்ருஹநிர்வாஹகுடு' என்னும் வடமொழித் தொடரை ஏற்றது. தக்காணத்துச் சொல் தமிழ் வேதாகமத்தில் தங்கிவிட்டது. பொது மொழிபெயர்ப்பு 'வீட்டுப் பொறுப்பாளர்' என மாற்றியது. பொருள் தெளிவு கருதி இம்மாற்றத்தை வரவேற்கலாம். ஆனால் 'பொறுப்பாளர்' அலுவலகத்தின் சொல். உக்கிராணக்காரனுக்கு அளவுப்படியும் கணக்கும் உண்டு. அரிசி எவ்வளவு எஞ்சியுள்ளது என்பது அவனுக்குத் தெரியும்.

இச்சொல் சபைகளில் சுருங்கிப்போன வரலாறும் ஐதராபாத்தோடு தொடர்புடையது. திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்த வே. ச. அசரியா, 1903இல் தோன்றிய இந்திய மிஷனெரி சங்கத்தின் வழியாக நிசாம் ஆட்சிக்குட்பட்ட தோர்ணக்கல்லுக்குச் சென்று தெலுங்கு கற்று, 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கிறித்தவக் கொடை பற்றி அவர் எழுதிய நூல் பரவலாகப் பயிலப்பட்டது. ஏழைச் சபைகள் அயல்நாட்டுப் பணத்தை எதிர்பாராமல் தம் காலில் நிற்கவேண்டும் என்பது அக்காலத்தின் நியாயமான கவலை. அதன் விளைவாக 'உக்கிராணத்துவம்' என்னும் சொல் காணிக்கை, தசமபாகம் ஆகியவற்றின் தலைப்பாகிவிட்டது. இன்று 'உக்கிராணத்துவ ஞாயிறு' என்றால் சபையார் பணப்பையையே எண்ணுவர். அச்சொல்லை நிலத்திற்கும் நீருக்கும் மீட்டெடுக்க விரும்புவோர் இச்சுருக்கத்தை முதலில் அவிழ்க்கவேண்டும். மேலும் புதிய ஏற்பாட்டில் எவ்விடத்தும் மனிதன் இயற்கையின் 'ஓய்க்கொனொமொஸ்' எனப்படவில்லை. அது பிற்கால விரிவாக்கம். விரிவாக்கம் தவறன்று, ஆனால் அதனை வேதவாக்கு போல் முன்வைப்பது தவறு.

'ஓய்க்கொனொமொஸ்' என்பதில் உள்ள 'ஓய்க்கொஸ்' (வீடு) என்பதே 1866இல் எர்ன்ஸ்ட் ஹெக்கல் படைத்த 'எக்காலஜி' என்னும் சொல்லிலும் உள்ளது. மேலைமொழிகளில் வீட்டுப் பொறுப்பாளனும் சூழலியலும் ஒரு வீட்டைச் சேர்ந்தவர்கள். தமிழின் 'சுற்றுச்சூழல்' நடுவில் ஒருவரை நிறுத்தி அவரைச் சுற்றியிருப்பவற்றைப் பேசுகிறது; தெலுங்கு 'பர்யாவரணமு' என்பதும் அவ்வாறே. அவ்வகையில் 'படைப்பு' மேம்பட்ட சொல். அதனுள் மனிதனும் அடங்குவான். ரோமர் 8:22இல் வேதனையுறுவது ஐக்கியத் திருப்புதலில் 'சிருஷ்டி', பொது மொழிபெயர்ப்பில் 'படைப்பு'. இரண்டும் மனிதனை வெளியே நிறுத்துவதில்லை. 2015 சுற்றுமடலுக்குப் பின் கத்தோலிக்க வழக்கில் பரவிய 'பொதுவான இல்லம்' என்னும் தொடர் இழந்த 'ஓய்க்கொஸ்' பொருளைத் தமிழுக்குத் திருப்பித் தந்தது எனலாம். சீர்திருத்தச் சபைகள் அதனை ஏற்கத் தயங்கவேண்டிய காரணம் ஏதுமில்லை.

சொல்லைவிடத் தொடரமைப்பு பெருங்கேடு செய்கிறது. 'சுற்றுச்சூழல் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பரப்புரைத் தொடக்க விழா' போன்ற பெயர்த்தொடர்களில் வினைமுதல் இல்லை, காலம் இல்லை, செயப்படுபொருளும் இல்லை. யார், எதை, எப்போது காப்பது? அரசு அலுவலக நடை சபை அறிவிப்புப் பலகைக்கு வந்துவிட்டது. ஆனால் தமிழ்ச் சபைகளுக்கு நிலத்தோடு பேசும் பழைய நடை ஒன்று உண்டு. மழைக்காக மன்றாடும் வேண்டல்கள், பிடியரிசிக் காணிக்கை, அறுப்பின் பண்டிகை, அங்கு நடக்கும் காய்கனி ஏலம் ஆகியவை அந்நடையின் எச்சங்கள். நகரத்துச் சபையில் அறுப்பு ஏது? காய்கள் சந்தையிலிருந்தே வருகின்றன, பெரும்பாலும் நெகிழிப் பைகளில். பண்டிகையை விட்டுவிடுவதற்கு இது காரணமாகாது. அக்காய்களை விளைவித்த நீர் எங்கிருந்து வந்தது என்று ஏலம் கூறுபவர் ஒருமுறை அறிவித்தால் அது ஒரு கருத்தரங்கத்தின் பணியைச் செய்துவிடும்.

இறுதியாக ஒரு நிலப்பெயர். எபிரேய 'மித்பார்' என்பதை ஐக்கியத் திருப்புதல் 'வனாந்தரம்' என்றும், தெலுங்கு 'அரண்யமு' என்றும், பொது மொழிபெயர்ப்பு 'பாலைநிலம்' என்றும் பெயர்த்துள்ளன. முதலிரண்டும் காட்டை நினைவூட்டுவன. மூன்றாவது தமிழ்த் திணைமரபிலிருந்து எடுத்துக்கொண்டது. திணைமரபை விவிலிய நிலத்தின்மீது ஏற்றுவது புதிதன்று. வீரமாமுனிவர் தேம்பாவணியின் நாட்டுப் படலத்தில் யூதேயாவுக்குத் தமிழ்நாட்டு மழையையும் ஆற்றையும் தந்தவர். ஆனால் 'மித்பார்' மூலத்தில் காடும் அன்று, வெறும் மணலும் அன்று. கால்நடைகளை ஓட்டிச்செல்லும் மேய்ச்சல்வெளி என்பதே அதன் பொருள் என்பர். உழப்படாத, ஆனால் பயனற்றதல்லாத நிலம். இதற்கு நேரான சொல் தெலுங்கில் உண்டு: 'கஞ்ச'. வேலி என்றும் வேலியிட்ட மேய்ச்சல் நிலம் என்றும் பொருள்படுவது. (தமிழ் எழுத்தில் இச்சொல் வேறொரு செடியின் பெயராகப் படிக்கப்படும் இடர் உண்டு.) ஐதராபாத்தைச் சுற்றிப் பல ஊர்ப்பெயர்களில் அது தங்கியுள்ளது. 2025ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஐதராபாத் பல்கலைக்கழகத்தை அடுத்த கஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் நிலத்தில் மரங்கள் பொறிகளால் அகற்றப்பட்டதும், மாணவர் எதிர்ப்புக்குப்பின் ஏப்ரல் 3ஆம் நாள் உச்சநீதிமன்றம் அப்பணியை நிறுத்தியதும் அறியப்பட்டவை. அவ்விவாதம் பெரிதும் ஒரு சொல்லைப் பற்றியது: அந்நிலம் காடா, காடன்றா? காடும் அன்று, தரிசும் அன்று என்று சொல்ல ஒரு சொல் நிலத்தின் பெயரிலேயே இருந்தது. அதனை எவரும் சான்றுக்கு அழைக்கவில்லை. தமிழில் 'புறம்போக்கு' என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியும் இதுவே. தீர்வைக்கு உட்படாத பொதுநிலத்தைக் குறித்தது வசைச்சொல்லாகி, 2017இல் டி. எம். கிருஷ்ணா பாடிய எண்ணூர்க் கழிமுகம் பற்றிய பாடலால் ஓரளவு மீண்டது. செகந்திராபாத்தின் தமிழ்ச் சபையொன்று 'வனாந்தரம்' என்று படிக்கும்போது, வாசகர் ஒரு கணம் நின்று 'கஞ்ச' என்றும் சொல்லலாம். சபையில் தெலுங்கு அறியாதவர் மிகச் சிலரே.